கப்பலேறி வந்தவரைக் காகிதத்தில் தேடுவது: பினாங்கிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் தாத்தாவைப் பற்றித் தெரிந்தது மூன்றே சங்கதி. ரஜூலா கப்பலில் வந்தார். சொந்த ஊர் திருச்சிப் பக்கம். ஊரில் ஒரு தம்பியை விட்டுவிட்டு வந்தார். தீபாவளிக்குத் தீபாவளி இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தோம். நான் காகிதங்களைத் தேட ஆரம்பித்து நான்கு வருடம் ஆன பிறகு பார்த்தால், முதல் சங்கதி தப்பு, இரண்டாவது பாதி சரி, மூன்றாவது மட்டும்தான் முழுக்க உண்மை. யாரும் வாய் திறக்காத நாலாவது ஒன்றும் இருந்தது. அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் தாத்தாவின் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயராக எழுதியிருந்ததே, அது தாத்தாவின் தகப்பன் பெயரே இல்லை.

அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் பலர் என்னிடம் வழி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கப்பல் பட்டியலை மறந்துவிடுங்கள்

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான்: "கப்பல்ல வந்தவங்க லிஸ்ட் எங்க கிடைக்கும்?" இந்தக் கேள்வி மொரீஷியஸ்காரர்களையும் தென்னாப்பிரிக்காக்காரர்களையும் பார்த்து வந்தது. அங்கே போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் என்று எழுதிவைத்தார்கள். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன கப்பல்களின் பட்டியல் இன்றும் இருக்கிறது.

மலாயாவின் கதை வேறு. இங்கேயும் ஒப்பந்தக் கூலி முறை, அதாவது சஞ்சிக்கூலி முறை இருந்தது. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு முதலில் வந்தவர்கள் அப்படித்தான் வந்தார்கள். அது 1910இல் முடிந்துவிட்டது. ரப்பர் தோட்டங்களுக்கு வந்த பெருங்கூட்டம் கங்காணி வழியாக வந்தது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போவார், பங்காளி, மாமன், மச்சான், பக்கத்துத் தெரு என்று ஆள் சேர்த்துக் கூட்டிவருவார். கப்பல் செலவை தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி நடத்திய குடியேற்ற நிதி ஏற்றது. 1907இல் தொடங்கிய நிதி அது. இப்படி வந்தவர்களைப் பற்றிய அரசாங்கக் கணக்கில் பெரும்பாலும் தலை எண்ணிக்கைதான் இருக்கும்: ஆண் இத்தனை, பெண் இத்தனை, பிள்ளைகள் இத்தனை.

ஆகவே ஆளைத் தேடாதீர்கள், ஆளோடு வந்தவர்களைத் தேடுங்கள். கங்காணி தன் ஊர்க்காரர்களைத்தான் கூட்டிவந்தார். உங்கள் தாத்தாவின் ஊர் எந்தக் காகிதத்திலும் இல்லாமல் போகலாம். கங்காணியின் ஊரோ, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அடுத்த கதவில் இருந்தவரின் ஊரோ எங்காவது ஒரு மூலையில் இருக்கும். பத்துக்கு ஏழு தடவை இரண்டும் ஒரே ஊராகவோ நடந்து போகும் தூரத்திலோ இருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

முதல் படி: பிஸ்கட் டின்

தேடல் அரசாங்க அலுவலகத்தில் தொடங்குவதில்லை. அம்மாவின் அலமாரியில், துணிகளுக்கு அடியில் இருக்கும் பிஸ்கட் டின்னில் தொடங்குகிறது. கடைசியாக இறந்தவரின் மரணப் பத்திரத்தை முதலில் எடுங்கள், அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள். பிறப்பிலிருந்து முன்னோக்கி வர நினைப்பவர்கள் ஒரே மாதத்தில் சோர்ந்துவிடுவார்கள்.

டின்னில் எதைப் பார்ப்பது? ஐசியை, அதாவது அடையாள அட்டையை எல்லோரும் பார்ப்பார்கள், எண்ணைப் படிக்கமாட்டார்கள். பன்னிரண்டு இலக்க எண்ணில் பிறந்த தேதிக்கு அடுத்து வரும் இரண்டு இலக்கம் பிறந்த இடத்தைச் சொல்லும். 02 கெடா, 07 பினாங்கு, 08 பேராக், 10 சிலாங்கூர். 71 என்று இருந்தால் வெளிநாட்டில் பிறந்தவர் என்று அர்த்தம். "பாட்டி இங்கேதான் பொறந்தாங்க" என்று சாதித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம், எண்ணில் 71ஐப் பார்த்ததும் வாயடைத்துப்போனதை நான் நேரில் பார்த்தேன்.

சிவப்பு ஐசி கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி என்பதற்கு அடையாளம் அது. அப்படிப்பட்டவர் பற்றிக் குடிநுழைவுத் துறையிலும் காகிதம் இருக்க வாய்ப்பு அதிகம். பழைய பாஸ்போர்ட், ஊருக்குப் போய்த் திரும்ப வாங்கிய ரீஎன்ட்ரி பெர்மிட், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்க அட்டை, 1960இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம், சேமநிதிக் காகிதம் எல்லாவற்றையும் பரப்பிவையுங்கள். சங்க அட்டையிலும் பங்குப் பத்திரத்திலும் தோட்டத்தின் பெயர் இருக்கும். அந்த ஆண்டு அவர் எங்கே இருந்தார் என்பதற்கு அது சாட்சி.

என்னைக் கேட்டால், டின்னிலேயே அதிகம் பேசுவது அரசாங்கக் காகிதம் இல்லை. ஊரிலிருந்து வந்த கடிதம், மணியார்டர் ரசீது, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை. கடிதத்தில் எழுதியவர் ஊர்ப்பெயரைப் போடாமல் விட்டிருப்பார், தபால்காரர் முத்திரை குத்தாமல் விட்டிருக்கமாட்டார். அந்த முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள், தபால் நிலையத்தின் பெயர் தெரியும். கல்யாணப் பத்திரிகையில் "இன்ன ஊர் இன்னாரின் பேரனும்" என்று தொடங்கும் வரி ஒரு வம்சாவளியையே தூக்கிக் கையில் கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள். பாட்டியின் சிவப்பு ஐசியை நல்லது செய்வதாக நினைத்து நானே கொண்டுபோய் லேமினேட் போட்டேன். சூட்டில் மை கலங்கி, பின்பக்கத்து எழுத்தில் பாதி போய்விட்டது. கைப்பேசியில் நல்ல வெளிச்சத்தில் முன்னும் பின்னும் படம் எடுத்து, அசலை அமிலமில்லாத உறையில் போட்டு வையுங்கள், போதும்.

இரண்டாம் படி: பெரியவர்களிடம் பேசுவது

நிபோங் தெபாலில் எங்கள் பெரியத்தை இருந்தார். முதல் தடவை போனபோது நோட்டுப்புத்தகத்தை விரித்துவைத்து "தாத்தா எந்த ஊர், எப்ப வந்தாரு, யாரோட வந்தாரு" என்று இன்ஸ்பெக்டர் மாதிரிக் கேட்டேன். "அதெல்லாம் யாருக்குடா தெரியும், பசியாறிட்டுப் போ" என்று முடித்துவிட்டார்.

இரண்டாவது தடவை கேள்விகளை மாற்றினேன். லயத்தில் பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள்? தாத்தா யாரை மாமா என்று கூப்பிடுவார்? காலையில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டது யார்? கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக்கொடுத்தது யார்? பிள்ளைகளுக்கு முதல் மொட்டை எந்தச் சாமிக்கு? இந்தக் கடைசிக் கேள்விதான் கதவைத் திறந்தது. தோட்டத்தில் இருந்தது மாரியம்மன் கோயில். மொட்டை போட்டதும் அங்கேதான். ஆனால் காசு முடிந்துவைத்தது மதுரகாளிக்கு என்றார் அத்தை. வீட்டில் மற்றவர்கள் இதை மதுரை என்று நினைத்து விட்டுவிட்டார்கள். மதுரகாளியம்மன் இருப்பது மதுரையில் இல்லை, பெரம்பலூருக்குப் பக்கத்தில் சிறுவாச்சூரில். பெரம்பலூர் அப்போது திருச்சி ஜில்லா, தனி மாவட்டமானது 1995இல். "திருச்சிப் பக்கம்" என்பது பாதி சரி என்று முதலில் சொன்னது இதைத்தான்.

குலதெய்வம் மாதிரி ஒரு முகவரிச் சீட்டு வேறு கிடையாது. ஊரை மறந்தவர்கள்கூடச் சாமியை மறக்கவில்லை. அவசியம் கேளுங்கள், தப்பாக உச்சரித்தாலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தடவை இரண்டு காகிதங்களோடு போனேன். ஒன்று அப்பாவின் 1939ஆம் ஆண்டுப் பிறப்புப் பத்திரம். இன்னொன்று தாத்தா ஐம்பதுகளில் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்த விண்ணப்பத்தின் கரிநகல், தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி நிரப்பியது. இரண்டிலும் தாத்தாவின் பெயர் ஒன்று, தகப்பன் பெயர் வேறு வேறு. கிராணி தப்பாக எழுதியிருப்பார் என்று நாங்கள் எல்லோரும் ஒதுக்கிவைத்த விஷயம். பெரியத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பத்திரத்துல இருக்கறவரு உங்க தாத்தாவுக்கு அப்பா இல்லடா. கங்காணி. தனியா வர்ற பத்து வயசுப் பயல கப்பல்ல ஏத்தமாட்டானுவ. எம் மவன்னு சொல்லி ஏத்திக் கொண்டாந்துட்டாரு. அப்புறம் அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு."

தாத்தா குடியுரிமை பாரத்தில்தான் தன் சொந்தத் தகப்பன் பெயரைத் திரும்பச் சொல்லியிருக்கிறார். வீட்டில் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பெரியவர்கள் கேள்விக்குப் பேசமாட்டார்கள், காகிதத்தைக் காட்டினால் பேசுவார்கள். கையை வீசிக்கொண்டு போகாதீர்கள்.

மூன்றாம் படி: வந்த ஆண்டைச் சல்லடையில் போடுவது

குடும்பத்தில் சொல்லும் ஆண்டை அப்படியே நம்பவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். தெரிந்த தேதிகளோடு உரசிப் பாருங்கள்.

கப்பலிலிருந்து ஆரம்பிக்கலாம். ரஜூலாவும் அதன் ஜோடிக் கப்பலான ரோனாவும் 1926இல் கட்டப்பட்டவை. போர்க்காலம் போக, ரஜூலா 1973 வரை மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டே இருந்தது. அவ்வளவு காலம் ஓடியதால் மலாயாத் தமிழன் நினைவில் எல்லாக் கப்பலும் ரஜூலா ஆகிவிட்டது. எங்கள் தாத்தாவின் பாரத்தில் வந்த ஆண்டு 1924. அந்த ஆண்டு ரஜூலாவே கிடையாது. ரோனா 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மன் குண்டுவீச்சில் மூழ்கியது. போருக்குப் பிறகு ரோனாவில் வந்ததாக யாராவது சொன்னால், கப்பலோ ஆண்டோ, ஒன்று தப்பு.

அடுத்து சட்டங்கள். 1930இல் ரப்பர் விலை விழுந்ததும் கங்காணி ஆள்சேர்ப்பு நின்றது. இருந்தவர்களையே கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். உங்கள் குடும்பத்தில் "ஒரு தடவை ஊருக்குப் போயிட்டுத் திரும்ப வந்தாங்க" என்று கதை இருந்தால் இந்தக் காலத்தைப் பாருங்கள். 1938இல் இந்திய அரசாங்கம், பிறர் செலவில் கூலியாட்கள் மலாயாவுக்குப் போவதைத் தடைசெய்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் சொந்தச் செலவில் வந்தவர்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் காலம், ஊர்க் கப்பல் இல்லை. 1953 ஆகஸ்டு முதல் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, நினைத்தவுடன் கப்பலேறி வரும் காலம் முடிந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சீன நண்பர் ஒருவர் தன் தாத்தா இறங்கியபோது வாங்கிய சான்றிதழைக் காட்டுவார், நம் வீட்டில் ஏன் இல்லை என்று நாம் மனம் புழுங்குவோம். 1933ஆம் ஆண்டு அந்நியர் சட்டம் சீனர்களைக் கட்டுப்படுத்தியது. இந்தியர்கள் அப்போது பிரிட்டிஷ் பிரஜைகள், அந்தச் சட்டம் அவர்களைத் தொடவில்லை. அதனால் போருக்கு முன் வந்த தமிழர் வீட்டில் அந்த மாதிரிக் காகிதம் இல்லாததில் அதிசயம் ஒன்றுமில்லை. ஐம்பதுகளுக்குப் பிறகு போய்வந்தவர்களுக்குத்தான் நுழைவு அனுமதி, திரும்பிவர அனுமதி என்று காகிதம் சேர ஆரம்பித்தது.

ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைத்து, கப்பலேற்றி, பினாங்கில் இறக்கும்போது தொற்றுநோய்க்குப் பயந்து புலாவ் ஜெரஜாக்கில் அடைத்துவைத்தார்கள். பினாங்குப் பாலத்தில் தீவை நோக்கி வரும்போது இடது பக்கம் தெரியும் பச்சைத் தீவு அதுதான். வேலைக்குப் போகும் அவசரத்தில் அதைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருடைய பாட்டன் அங்கே படுத்திருந்தாரோ.

நான்காம் படி: தேசியப் பதிவிலாகா

பிறப்பு, இறப்புப் பதிவுகளின் சான்று நகலுக்கு இங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். போவதற்கு முன் பெயர், உத்தேசமான ஆண்டு, பதிவான மாவட்டம் மூன்றையும் தயார் செய்துகொள்ளுங்கள். உங்களுக்கும் அவருக்கும் என்ன உறவு என்று காட்டும் பத்திரங்களையும் சங்கிலியாகக் கொண்டுபோங்கள்: உங்களுடையது, அப்பாவுடையது, அப்பாவின் உடன்பிறந்தவர்களுடையது.

பழைய பிறப்புப் பத்திரத்தில் எல்லோரும் பெயரையும் தேதியையும் பார்த்துவிட்டு மடித்துவைத்துவிடுகிறார்கள். நீங்கள் தகவல் தந்தவர் கட்டத்தைப் பாருங்கள். தோட்டத்தில் பிறந்த பிள்ளையைத் தகப்பனே போய்ப் பதிவதும் உண்டு, கிராணியோ, தோட்ட ஆஸ்பத்திரி டிரஸ்ஸரோ, கங்காணியோ போய்ப் பதிவதும் உண்டு. அப்பாவின் பத்திரத்தில் அந்தக் கட்டத்தில் இருந்த பெயரும், தாத்தாவுக்குத் தகப்பன் பெயராக எழுதியிருந்ததும் ஒன்றே, அந்தக் கங்காணியின் பெயர். முதலிலேயே கவனித்திருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

உடன்பிறந்தவர்கள் எல்லோருடைய பத்திரத்தையும் எடுங்கள். ஒரு பிள்ளையின் பத்திரத்தில் இல்லாத தோட்டப் பெயர் இன்னொரு பிள்ளையினுடையதில் இருக்கும். வரிசையாக அடுக்கினால் குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்கு நகர்ந்தது என்று தெரிந்துவிடும். பிறந்து சில மாதத்தில் இறந்த, வீட்டில் யாரும் பேசாத ஒரு பிள்ளையும் அந்த அடுக்கில் வந்து நிற்கலாம். மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டை முறை 1948இல், கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அறிவித்த அவசரகாலத்தில் வந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் படமும் கைரேகையும் கொடுத்துப் பதிய வேண்டியிருந்தது. எழுதப்படிக்கத் தெரியாத பலருக்கு ஒரு வயதும் பிறந்த தேதியும் அன்றைக்குத்தான் உத்தேசமாக வாய்த்தன. ஐசியில் இருக்கும் தேதியை வைத்துக்கொண்டு ஜாதகம் கணிக்காதீர்கள்.

பெயர் படுத்தும் பாடு

நம் ஆட்களைத் தேடுவதில் பெரிய தலைவலி எழுத்துக்கூட்டல்தான். கேட்ட கிராணி மலையாளியாகவோ யாழ்ப்பாணத்தாராகவோ இருப்பார், எழுதப்பட்டது ஆங்கிலத்தில், பிற்பாடு மலாய் முறையில். லட்சுமி, 'எல்-ஏ-கே-எஸ்' என்றும் தொடங்குவாள், 'எல்-ஈ-டி-சி-எச்' என்றும் தொடங்குவாள். முனியாண்டி 'ஒய்'யில் முடிவார், 'ஐ'யிலும் முடிவார். பழனிக்கு ஒரு 'எல்'லும் வரும், இரண்டும் வரும். 'ச'வில் தொடங்கும் பெயர் என்றால் 'எஸ்', 'சி-எச்' இரண்டிலும் தேட வேண்டும். ஒரு தாளில் ஒவ்வொரு பெயருக்கும் எட்டுப் பத்து வடிவங்களை எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள்.

தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பது இணையத் தேடல் பெட்டிகளுக்குப் புரியாது. கடைசிப் பெயர் என்று கேட்கும் கட்டத்தில் தகப்பன் பெயரைப் போட்டும் தேடுங்கள், காலியாக விட்டும் தேடுங்கள். பழைய ஆவணத்தில் 'சன் ஆஃப்' என்றிருந்தது பிற்காலத்தில் 'அனாக் லெலாக்கி' ஆகியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்களில் தமிழர் என்ற சொல்லைவிட 'கிளிங்' என்ற சொல்தான் அதிகம். கேட்கப் பிடிக்காத சொல்தான், ஆனாலும் அதைப் போட்டுத் தேடாவிட்டால் பாதி ஆவணம் கண்ணில் படாது.

தோட்டப் பெயரிலும் இதே கூத்து. நம் ஆட்கள் தோட்டத்துக்கு வைத்த பெயர் ஒன்று, கம்பெனிப் பதிவில் இருக்கும் பெயர் வேறு. கோயில் விழா மலர்களிலும் பழைய பள்ளி மலர்களிலும் இரண்டு பெயரும் சேர்ந்து கிடைக்கும்.

ஐந்தாம் படி: ஆவணக் காப்பகம்

கோலாலம்பூரில் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம் சாலையில், முன்பு ஜாலான் டூத்தா என்று சொன்ன இடத்தில், மலேசிய தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. போவதற்கு முன் வீட்டிலிருந்தே அதன் இணையத் தேடு பட்டியலில் தேடி, கோப்பு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கோப்புகள் பலவற்றுக்கு எண் 1957 என்று தொடங்கும். கோப்பு எழுதிய ஆண்டு அது இல்லை, காப்பகத்துக்குக் கணக்கில் வந்த ஆண்டு. புதிதாகப் போகிறவர்கள் இதில் ஏமாந்துபோகிறார்கள்.

ஆள் பெயரைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைப் போடுங்கள். மாவட்டப் பெயரோடு 'தமிழ்க் கூலிகள்', 'இந்தியக் குடியேறிகள்' என்பவற்றின் ஆங்கில வடிவங்களைப் போடுங்கள். கங்காணி என்பதை அந்தக் காலத்தில் கடைசியில் 'ஒய்' போட்டும் எழுதுவார்கள், அதையும் பாருங்கள். சிலாங்கூர் செயலகக் கோப்புகள் இங்கே மலைபோல் இருக்கின்றன. சம்பளத் தகராறு, தோட்ட ஆஸ்பத்திரி நிலவரம், ஓடிப்போன ஆட்கள், கங்காணி மேல் புகார் என்று வரும். உங்கள் தாத்தா பெயர் வராமல் போகலாம். அவர் குடித்த கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஒரு வெள்ளைக்கார டாக்டர் எழுதிய இரண்டு பக்கம் வரும்.

பினாங்குக்காரர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். நிபோங் தெபாலில் நின்றால் பேராக்கின் பாரிட் புந்தாரும் கெடாவின் பண்டார் பாருவும் கூப்பிடு தூரம், நடுவே கிரியான் ஆறு. போருக்கு முன் இந்த மூன்றும் மூன்று அரசாங்கம். செபராங் பிறை நீரிணைக் குடியேற்றத்தைச் சேர்ந்தது, பேராக் கூட்டு மலாய் மாநிலங்களைச் சேர்ந்தது, கெடா 1909 வரை சயாமின் பிடியிலிருந்து பிறகு பிரிட்டிஷார் கீழ் வந்த தனி மாநிலம். ஆள் ஆற்றைக் கடந்து வேறு தோட்டத்துக்குப் போயிருப்பார், காகிதமோ வேறு அரசாங்கத்துக்கே போயிருக்கும். ஒரு பக்கம் கிடைக்கவில்லை என்றால் அக்கரையில் தேடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1867 வரை பினாங்கை இந்திய அரசாங்கம் ஆண்டதால் அந்தக் காலத்து ஆவணங்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பில் இருக்கின்றன. அதற்குப் பிந்திய குடியேற்ற நாட்டுக் கடிதங்கள் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில். ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்டு கம்பெனித் தோட்டம் என்றால் அதன் காகிதங்கள், முன்பு லண்டன் பெருநகர ஆவணக் காப்பகம் என்று சொன்ன லண்டன் ஆவணக் காப்பகத்தில். செலவில்லாமல் வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளம்தான் சிறந்தது. ஆங்கிலத் தாள்களில் கப்பல் வருகைப் பத்தி இருக்கும். 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் இருக்கிறது. வந்த ஆண்டும் மாதமும் தெரிந்துவிட்டால், அந்த வாரம் மெட்ராஸிலிருந்து பினாங்குக்கு எந்தக் கப்பல் வந்தது என்று பார்த்துவிடலாம்.

வழிபாட்டுத் தலங்களிலும் பள்ளியிலும் கிடைப்பவை

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் அதிர்ஷ்டசாலிகள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயரெல்லாம் வரும். பினாங்கு ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கான புனித பிரான்சிஸ் சேவியர் ஆலயத்திலிருந்து தொடங்கலாம். முஸ்லிம் குடும்பங்கள் பள்ளிவாசல் நிக்காஹ் பதிவுகளைக் கேட்கலாம். இந்துக் கோயில்களில் அப்படிப் பதிவேடு அரிது, உபயக்காரர் கல்வெட்டைத்தான் பார்க்க வேண்டும். தோட்டத் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு தலைமையாசிரியர் அறையில் இன்னமும் இருக்கக்கூடும், தோட்டம் மூடிப் பள்ளி இடம் மாறியிருந்தாலும் கேட்டுப் பாருங்கள்.

காகிதமே இல்லாத வருடங்கள்

சில குடும்பங்களில் ஒரு ஆண்பிள்ளை 1942 வரை இருப்பார், 1945க்குப் பிறகு எங்கேயும் இருக்கமாட்டார். இறப்புப் பத்திரம் இருக்காது, திதி மட்டும் கொடுப்பார்கள், அதுவும் ஆடி அமாவாசையில், நாள் தெரியாததால். காரணம், ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதை. 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். தோட்டம் தோட்டமாக லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கு இருக்கும் மாதிரிப் பெயர் பொறித்த கல்லறை வரிசை நம் ஆட்களுக்குக் கிடையாது. இங்கே ஆவணத்தைவிட ஆட்கள்தான் கதி. உடன்போய்த் திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் யாராவது அதே தோட்டத்திலிருந்து இருப்பார்கள், தேடிப் பேசுங்கள். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர் என்றால் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் தேடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேடும்போது சாதி வரும், ஊரில் விட்டுவந்த முதல் மனைவி வருவாள், தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்ந்தது வரும். கிடைத்த கையோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அந்த விஷயம் யாரை நேராகச் சுடுமோ அவரிடம் முதலில் தனியாகச் சொல்லுங்கள். கங்காணி விஷயத்தை நான் அப்பாவிடம் மட்டும் சொல்லி ஏழு மாதம் காத்திருந்தேன். அவர்தான் பிறகு எல்லோரிடமும் சொன்னார்.

கடைசிப் படி: ஊருக்குப் போவது

கங்காணியின் பேரன் ஒருவர் பட்டர்வொர்த்தில் இருந்தார். தங்கள் ஊர்ப்பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது, பெரம்பலூருக்கும் துறையூருக்கும் நடுவில். மதுரகாளியோடு பொருந்தியது.

ஊர்ப்பெயர் கையில் கிடைத்தால் அது இப்போது எந்த மாவட்டம் என்று முதலில் பாருங்கள். பழைய திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு எல்லாம் துண்டு துண்டாகிவிட்டன. அதே பெயரில் நாலு ஊர் இருக்கும், தாலுகா தெரிந்தால்தான் பிரிக்க முடியும். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, குடியேற்றம் பற்றிய அரசாணைகள் அங்கே உண்டு. ஆனால் ஒரு தனிக் குடும்பத்தைத் தேடுகிறவருக்கு அதைவிடப் பயன்படுவது சார்பதிவாளர் அலுவலகம். கடல் தாண்டிப் போனவரின் பங்கு நிலம் என்றைக்காவது விற்றிருக்கும், கிரயப் பத்திரத்தில் அவர் பெயரும் தகப்பன் பெயரும் இருக்கும். பழைய ஆண்டுகளுக்கு மனுப்போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும்.

ஊருக்குள் போகும்போது தனியாகப் போகாதீர்கள், உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். காலையில் போங்கள், கோயில் வாசலில் உட்காருங்கள். எந்தக் கேள்விக்கும் முன்னால் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள்: பங்கு கேட்டு வரவில்லை. மலேசியாவிலிருந்து கார் வைத்துக்கொண்டு ஒருவன் வந்து "எங்க தாத்தா இந்த ஊர்" என்றால், முதலில் நிலம்தான் அவர்கள் நினைவுக்கு வரும். வரத்தானே செய்யும்?

நானும் அதைத்தான் முதலில் சொன்னேன். தாத்தாவின் தம்பி மகன், எனக்குச் சித்தப்பா முறை, எழுபது வயதிருக்கும். அவர் சிரித்துவிட்டார்.

"பங்கு இருந்தா குடுக்க மாட்டமா தம்பி? அது அம்பத்தொண்ணுலயே போயிருச்சு."

உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்தார். அதற்குள் நாலாக மடித்த கிரயப் பத்திரம், மடிப்பு ஓரம் கிழிந்து நூல் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் பக்கத்தில், பினாங்கில் இருக்கும் தமையன் பங்குக்கும் தானே பொறுப்பு என்று தம்பி எழுதிக்கொடுத்திருக்கிறார். தமையன் பெயருக்கு முன்னால், குடியுரிமை பாரத்தில் தாத்தா சொன்ன அதே தகப்பன் பெயர்.

சித்தப்பா அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை என்றார். பிறகு முத்திரைக்குக் கீழே இருந்த ஆவண எண்ணையும் ஆண்டையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். மறுநாள் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்று நகலுக்கு மனுப்போட அந்த இரண்டும் போதுமாக இருந்தது.